ஊற்றிய உடம்பு

அடிவயிறு கல்லாக இறுகி வலித்தது. வலது இடுப்பில் தொடங்கிப் பின்தொடை வழியாகக் குதிகால்வரை ஒரு நரம்பை யாரோ முறுக்கிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வயது இருபத்திரண்டு. அந்த வலிக்கு வயது ஐம்பத்தெட்டு.

பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டு இறங்கினேன். கழிப்பறை எதிரிலேயே இருந்தது. காலையிலிருந்து போகவில்லை. வெயில் ஏறி இறங்கியாயிற்று. ஆனால் அந்தக் கதவைப் பார்த்ததும் என் காது மடல்கள் சூடேறின, பிடரி வியர்த்தது. திருடப் போகிறவளைப் போல நாலு பக்கமும் பார்த்தேன். கால் நகரவில்லை. திரும்பிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் உடம்பு அமைதியானது. வயிறு மட்டும் வலித்தது.

"ஒனக்கும் அப்படித்தானா?" ஜன்னலுக்குக் கீழே ஜெசிந்தா நின்றாள். என்னோடு சேர்ந்த அப்ரண்டிஸ். கண் உள்ளே போயிருந்தது.

"முட்டிக்கிட்டு வருது. கதவுகிட்ட போனா ஓடிருது."

"எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்ட்டி மாகாளி. போற கொஞ்சமும் செங்கல் கரைச்ச தண்ணி மாதிரி போகுது. வீட்டுல கூட, லீவு நாள்லதான் ஒழுங்கா வருது. யூனிஃபார்ம் போட்டா அடைச்சிக்கிடுது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"தண்ணி நெறைய குடிங்கம்மாங்கான். டம்ளர எடுத்தா கை வாய்க்கு வரமாட்டேங்குது. இந்தக் கெழவன் தண்ணியே குடிக்க மாட்டானா?"

கிழவன் என்று அவள் சொன்னது சவரிராயனை. நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் எங்கள் இரண்டு பேருக்குள்ளும் இருந்தார். எங்களைப்போல இன்னும் இருநூறு பேருக்குள்ளும்.

தூத்துக்குடியையும் நெல்லையையும் ஒரே நகரமாக்கியபோது பொருநை நகரப் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. முதலில் ஆளில்லாப் பேருந்துகளை விட்டுப் பார்த்தார்கள். ஆடு குறுக்கே வந்தால் நின்றன, சப்பரம் வந்தால் நின்றன, கல்யாண வீட்டுக்காரன் ரோட்டில் போட்ட பந்தலைக் கண்டும் நின்றன. நின்றவை நின்றபடியே இருந்தன. அதோடு இயந்திரம் கெட்டுப்போனால் செலவு கழகத்துக்கு. உடம்பு கெட்டுப்போனால் செலவு உடம்புக்காரனுக்கு. மறுபடியும் ஆட்களைத் தேடினார்கள்.

ஓட்டுநர் ஒருவரைப் பழக்க முன்பெல்லாம் இரண்டு வருஷம் ஆனதாம். இப்போது மூன்று வாரம். கைதேர்ந்த ஓட்டுநருக்கு நரம்பு படிக்கும் உடுப்பைப் போட்டு ஒரு மாதம் ஓட்டச் சொல்கிறார்கள். அவருடைய கை, கால், இடுப்பு, கழுத்து எதை எப்போது செய்கிறதோ அதையெல்லாம் அந்த உடுப்பு வாங்கிக்கொள்கிறது. பிறகு அதை எங்களுக்கு ஏற்றுகிறார்கள். கழகத்தின் காகிதங்களில் அதற்குப் பெயர் திறன் ஏற்றம். டெப்போவில் ஊத்துறது.

ஊற்றும் அறையைப் பற்றிக் கழகம் விளம்பரத்தில் காட்டுவதில்லை. ரப்பர் மெத்தை. அதில் எங்களுக்கு முன்னால் படுத்தவர்களின் வியர்வையும் தலை எண்ணெயும் ஊறிப்போய் நாறும். நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க வாயில் ஒரு கட்டையைச் செருகுவார்கள். அதில் வேறு யாருடையவோ பல் தடம் இருக்கும். நமக்கு ஏற்ற பல்தடம் தேடிக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். தினமும் காலையிலிருந்து மதியம்வரை கையும் காலும் தானாக இழுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் எழுந்து நின்றால் கியர் எங்கே என்று கை தேடும். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முதல் நாளே நான் வல்லநாட்டு மேட்டில் லாரியை முந்தினேன். வாழ்நாளில் சைக்கிள்கூட ஓட்டாதவள்.

பெருமை ஒரு வாரம் இருந்தது. பிறகு இடுப்பு வந்தது.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வலி உண்டு. அப்பா உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். அவர் கால் வெடிப்பில் காசைச் செருகலாம். அம்மா உப்புச் சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்தவள். ஆனால் அது அவரவர் வலி. அவரவர் உழைத்து வாங்கியது. நான் ஒரு நாளும் செய்யாத வேலைக்கு எனக்கு இடுப்பு வலித்தது.

*

பயிற்சி அதிகாரி நிவேதன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், நிற்க வைத்துப் பேசமாட்டார்.

"உட்காருங்க மாகாளி. டீ சாப்பிடுங்க."

டீயை எடுக்கப் போன என் கை கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தது. அவர் அதைப் பார்த்தார். சிரித்தார்.

"சவரிராயன் சாரும் இப்படித்தான். டூட்டி நேரத்துல எதுவும் குடிக்க மாட்டார்."

"சார், எங்களால ஒண்ணுக்குப் போக முடியலை."

அவர் முகம் சுளித்தது, வலியைக் கேட்டல்ல, சொல்லைக் கேட்டு. "கேள்விப்பட்டோம். பெண்கள் சிலர் சொல்றாங்க."

"ஆம்பளைங்களுக்கும் இருக்கு. சொல்ல வெக்கப்படுதாங்க. நீங்க வண்டி ஓட்டுறத ஊத்துனீய, சரி. இத ஏன் ஊத்துனீய?"

"வேணும்னு பண்ணலைம்மா. நல்ல ஓட்டுநர் யாருன்னு கண்டுபிடிக்க ஒரு அளவு வேணும் இல்லையா? ஒரு நாளும் தாமதம் ஆகாதவர். ஒரு புகாரும் வராதவர். எடுத்த இடத்துலேர்ந்து முடிக்கிற இடம் வரைக்கும் வண்டியை விட்டு இறங்காதவர். அப்படித் தேடினோம். மொத்தக் கழகத்துலயும் அவர் ஒருத்தர்தான் கிடைச்சார்."

"ஏன் இறங்கலன்னு அவர்ட்ட கேட்டீயளா?"

"அதைக் கேக்கணும்னு தோணலை." உண்மையைத்தான் சொன்னார்.

"இப்ப தெரிஞ்சிட்டுல்லா. எடுத்துருங்க."

நிவேதன் பேனாவை மூடித் திறந்தார். "எடுக்கலாம். ஆனா பாருங்க, உங்க வழித்தடம் முழுக்க எந்த நிறுத்தத்துலயும் கழிப்பறை கிடையாது. ஓட்டுநர் நடுவுல இறங்கினா பின்னால வர்ற வண்டி வரைக்கும் தள்ளிப்போகும். இப்ப எல்லாம் சொன்ன நேரத்துக்கு ஓடுது. தாமதமே இல்லாத நகரம்னு விருது கொடுத்திருக்காங்க. இதை எடுத்துட்டு மேலே நான் என்ன பதில் சொல்ல?"

"எங்க மூத்திரத்துலயா சார் நேரத்த மிச்சம் பிடிக்கீய?"

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "பழகிடும் மாகாளி. இன்னும் ரெண்டு மாசம். அப்புறம் நீங்க நிரந்தரம். அதுவரைக்கும் தண்ணி நிறைய குடிங்க."

மறுவாரம் ஜெசிந்தா ஓட்டிக்கொண்டிருக்கும்போதே குளிர்க் காய்ச்சலில் விழுந்தாள். விழுவதற்கு முன்னால் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, கைபிரேக் போட்டிருந்தாள். அதுவும் சவரிராயனின் பழக்கம்தான். ஒரு சிறுநீரகம் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். எடுத்தார்கள். கழகம் அவளுக்கு எதுவும் தரவில்லை. அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, கற்றுக்கொள்பவர். கற்றுக்கொள்ளும்போது வருகிற நோய் அவரவர் சொந்த நோய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் வலது கால் போர்வைக்கு அடியில் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தது. அவளைக் கட்டிலில் போட்டார்கள், ஓட்டுவது அவளை விடவில்லை. நான் அந்தக் காலைப் பிடித்து அமுக்கினேன். என் காலும் அதே தாளத்தில் அசைந்துகொண்டிருந்தது.

இரண்டு மாதம் தாங்கினால் நான் நிரந்தரம். தாங்காவிட்டால் பக்கத்துக் கட்டில்.

*

சவரிராயன் கடற்கரையை ஒட்டிய காலனியில் இருந்தார். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் இரைச்சல் தெருவரைக்கும் கேட்டது. கையில் குழாயோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகமும் பாதமும் ஊதியிருந்தன.

"பொருநையில ஓட்டுதியா? வா, உக்காரு." கண்ணில் வெளிச்சம் வந்தது. "எப்படி இருக்கு நம்ம ஓட்டு? வல்லநாட்டு மேட்டுல ரெண்டாவதுக்கு மாத்தாம மூணுலயே ஏத்துதியா?"

"ஏத்துதேன் அண்ணாச்சி."

"ஏத்துவ. அது என் கையில்லா!"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வலது காலை நீட்டி, இடது கையை முழங்காலில் ஊன்றி, கட்டைவிரலால் முழங்காலைத் தட்டினேன். எப்போதிலிருந்து இப்படி உட்காருகிறேன் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கொண்டுவந்த அவர் மனைவி மிக்கேலம்மாள் நடையிலேயே நின்றுவிட்டாள். எதிரெதிரே இரண்டு பேர் ஒரே மாதிரி உட்கார்ந்து ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏசுவே," என்றாள். "இவ என்ன ஒங்கள மாதிரி உக்காருதா? எந்திரிக்கச் சொல்லுங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

நான் காலை மடக்கினேன். அது மறுபடி நீண்டது. மிக்கேலம்மாள் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் வெறுத்ததைத்தான் நானும் வெறுத்தேன். அவளாவது கல்யாணம் பண்ணிக்கொண்டு அந்த உடம்போடு இருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க ஏன் டூட்டியில ஒண்ணுக்கே போகல?"

சவரிராயன் சிரித்தார். நல்ல கதை கேட்டுவிட்டேன் என்கிற சிரிப்பு. "அத கேக்கியா? நான் அப்ரண்டிசா இருக்கும்போது துரைச்சாமின்னு ஒரு வாத்தியார். பக்கத்துல உக்காந்து பழக்குவாரு. ஒரு நாளு அவசரமா வந்துட்டு. ஓரமா நிப்பாட்டட்டுமான்னு கேட்டேன். நிப்பாட்டு ராசான்னாரு. எறங்கி நின்னேன். ஆரன்ல கைய வச்சாரு பாரு. எடுக்கவே இல்ல. பஸ்ஸு முழுக்க எட்டிப் பாக்கு. பொம்பளைய எல்லாம் சிரிக்கு. பாதியில அடக்கிக்கிட்டு ஓடியாந்தேன், பேன்ட்டு நனைஞ்சி போச்சு. மறுநாளு டெப்போவுல வரிசையா நிக்க வச்சி, நம்ம மூத்திரராயன் வந்துட்டானான்னு கேட்டாரு. ரிட்டயர் ஆவுற வரைக்கும் அந்தப் பேருதான்."

"அப்புறம்?"

"அப்புறம் எறங்குனதே இல்ல. முப்பது வருசம். அந்த வைராக்கியந்தான் என்னய நல்ல டிரைவரா ஆக்கிச்சி." ஊதிய கையால் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். குழாய் ஆடியது.

அந்தக் காது மடல் சூடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. எவனோ ஒரு நாய் என்றோ ஒருநாள் ஹாரனை அமுக்கியிருக்கிறான். அது இன்னும் எங்கள் காதுக்குள் அடித்துக்கொண்டிருக்கிறது.

"வைராக்கியம் இல்ல அண்ணாச்சி, அசிங்கம். ஒருத்தன் ஒங்கள அசிங்கப்படுத்துனான். அத நீங்க பத்திரமா வச்சிருந்து எரநூறு பேருக்குக் குடுத்திருக்கீய. எங்கூட இருந்தவளுக்கு கிட்னிய எடுத்துட்டாங்க."

அவர் சிரிப்பு நின்றது. "இத எடுத்தானுவன்னு எனக்குத் தெரியாதும்மா. ஓட்டத்தான எடுக்கானுவன்னு நெனச்சேன். சால்வ போட்டானுவ."

"ஒருவாட்டியாவது எதுத்து நின்னிருக்கலாம்லா?"

"நீ நில்லேன்," என்றார் வெடுக்கென்று. "என் உடம்ப வச்சிக்கிட்டு நீ நின்னு காட்டு. அப்பத் தெரியும்."

*

நின்று காட்ட நேரம் வந்தது. துறைமுகத்துக்குப் புது மேம்பாலம் திறந்தார்கள். சவரிராயனின் பதிவு பழைய ரோட்டுக்கானது. புது மூலம் வேண்டும் என்றார்கள். ஊற்றுவதற்கு எடுக்கும் உடம்பை மூலம் என்பார்கள். என் பெயர் முதலில் வந்தது. தாமதம் இல்லை, புகார் இல்லை, வழியில் இறங்கியதில்லை. சவரிராயன் ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தானே ஓட்டியிருப்பேன்.

"ஒரு மாசம் உடுப்பு போட்டு ஓட்டணும்," என்றார் நிவேதன். "முடிஞ்ச அன்னைக்கே நிரந்தர ஆணை. சம்மதமா?"

"நான் எப்படி ஓட்டுதேனோ அதத்தான எடுப்பீய?"

"நீங்க எப்படி ஓட்டுறீங்களோ அதைத்தான்."

சம்மதித்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு என் உடம்புதான் போகும். அதில் நான் ஒன்றைப் போட்டு அனுப்ப முடியும். வண்டியை நிறுத்து, இறங்கு, போய்விட்டு வா. அவ்வளவுதான்.

மேம்பாலம் ஏறும்வரை பழைய பாதைதான். உப்பளத்துக்குப் பாதை பிரியும் உப்பளம் விலக்கில் ரோடு வளையும். ஒரு பக்கம் வெள்ளை வெளேரென்று பாத்திகள், மறுபக்கம் முள் அடர்ந்த உடை மரங்கள். முதல் நாள் அங்கே வண்டியை மெதுவாக்கினேன். கை கைபிரேக்குக்குப் போக மறுத்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். காது எரிந்தது.

"ஏ பிள்ள, இங்க எதுக்கு நிப்பாட்டுத?" முதல் இருக்கையில் எப்போதும் உட்காரும் மீன்காரி லூர்தம்மாள் கத்தினாள். "மீனு நாறிரும்!"

"ஒண்ணுக்குப் போறேன்க்கா."

பேருந்து முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "தொணைக்கு வரணுமா?" என்றான். எனக்குள் துரைச்சாமியின் ஹாரன் அலறியது. உடை மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கண்ணில்தான் வந்தது. திரும்பி வந்து வண்டியை எடுத்தேன்.

மறுநாளும் நிறுத்தினேன். அதற்கு மறுநாளும். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பில் என்னவோ ஒரு முடிச்சு தளர்ந்தது. போனேன். பாதி உயிர் இறங்கிப் போகிற மாதிரி போனேன். நிமிர்ந்து பார்த்தால் பத்தடி தள்ளி லூர்தம்மாள் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி பாக்க? எனக்கும்தான். இந்தப் பாதையில எத்தன வருசமா போறேன், ஒரு டிரைவரும் நிப்பாட்டல. காலைல ஒரு வாய் காப்பித் தண்ணி குடிக்கணும்னா கூட யோசிக்க வேண்டியிருக்கு."

விசிலடித்தவனிடம் அவள் திரும்பி வந்து பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு அவன் விசிலடிக்கவில்லை. மாத முடிவில் உப்பளம் விலக்கில் ஏழெட்டுப் பெண்கள் என்னோடு இறங்கினார்கள். ஆண்கள் எதிர்ப்பக்கம் போனார்கள். வளைவு வந்ததும் என் கை தானாகக் கைபிரேக்குக்குப் போனது, உடம்பு தானாகத் தளர்ந்தது. காது எரியவில்லை. இடுப்பு வலி இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன்.

தினமும் நான் தாமதமாக வந்தேன். நிவேதன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்லாப் போகுது, ஓட்டுங்க," என்றார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

*

என் உடம்பை முதலில் நாற்பது பேருக்கு ஊற்றினார்கள். அவர்கள் தெருவுக்கு வந்த முதல் நாள், எனக்குப் பின்னால் வந்த வண்டி சுடலைவடிவு என்ற பெண்ணுடையது. பத்தொன்பது வயது. ஏரல் பக்கம். டெப்போவில் அவள் நடந்து வந்ததைப் பார்த்தேன், என் நடை. மிக்கேலம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

நான் உப்பளம் விலக்கில் நின்று கிளம்பினேன். அடுத்து அவள் வரும்போது நிறுத்துவாள், அவளோடும் ஏழெட்டுப் பேர் இறங்குவார்கள் என்று சந்தோஷமாக ஓட்டினேன்.

அவள் நிறுத்தவில்லை. வளைவு வந்தது, உடம்பு தளர்ந்தது, கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. ஓடுகிற வண்டியில், உட்கார்ந்த இருக்கையில், அறுபது பேருக்கு முன்னால் அவளுக்குப் போய்விட்டது. படி வழியாக ஒழுகியது. அன்று மாலைக்குள் இன்னும் பதினைந்து வண்டிகளில் அதே வளைவில் அதேதான் நடந்தது.

நிவேதனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன்.

"என்ன சார் செஞ்சீய?"

"நிறுத்தங்களை மட்டும் வெட்டிட்டோம் மாகாளி." குரல் சாதாரணமாக இருந்தது. "நீங்க வண்டியை நிப்பாட்டுறது, இறங்குறது, நடக்குறது, திரும்ப ஏறுறது. அதை எடுத்துட்டு முன்னையும் பின்னையும் ஒட்டிட்டோம். உடம்பு தளர்றது மட்டும் கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பிச்சிருக்கு. அது வெட்டுல போகாம ஒட்டுக்குள்ள தங்கிடுச்சு."

"நான் எப்படி ஓட்டுதேனோ அதத்தான் எடுப்பேன்னீய."

"ஓட்டினதைத்தான் எடுத்தோம். நின்னதை எடுக்கலை."

"அப்ப மறுபடி எடுங்க. வெட்டாம ஊத்துங்க."

"நாற்பது பேருக்கு மறுபடி மூணு வாரமா? அதைவிடச் சுலபமா ஒண்ணு வந்திருக்கு." மேசைக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்துத் திறந்தார். கிழவர்களுக்குக் கட்டும் டயாப்பர். இடுப்புப் பட்டையில் கழகத்தின் முத்திரை அச்சடித்திருந்தது, தாமிரபரணியும் பேருந்துச் சக்கரமும். "யூனிஃபார்மோட சேர்த்துக் கொடுத்துடலாம்னு முடிவாயிருக்கு. எல்லாருக்கும். யோசிச்சுப் பாருங்க, இனிமே அடக்க வேண்டியதே இல்லை. நீங்க கேட்டதும் அதுதானே? கிட்னிக்கும் நல்லது. நேரத்துக்கும் நல்லது."

அவர் முகத்தில் கேலி இல்லை. பிரச்சினையைத் தீர்த்துவிட்ட நிம்மதி இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வாந்தி வந்தது. அவருடைய தரையில்தான் எடுத்தேன். துடைக்க ஆளைக் கூப்பிட்டார். வந்தவளும் ஓர் அப்ரண்டிஸ்.

வண்டி கழுவும் இடத்தில் சுடலைவடிவு இருக்கையைக் கழற்றிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிரிக்காத டயாப்பர் பொட்டலம். நான் தரையில் உட்கார்ந்தேன். வலது காலை நீட்டி, இடது கையை முழங்காலில் ஊன்றினேன். அவள் என் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"எக்கா, இது ஒங்க உடம்பா?"

"ஆமா."

"அங்கன வந்ததும் ஏன் அப்படி ஆவுது?"

சொன்னேன். சவரிராயனை, துரைச்சாமியை, உடை மரங்களை, லூர்தம்மாளை, வெட்டியதை, ஒட்டியதை. அவள் பிரஷ்ஷை நிறுத்தாமல் கேட்டாள்.

"எல்லாரும் மூக்கப் பொத்துனாங்கக்கா," என்றாள். "ஒரு பையன் செல்லுல படம் புடிச்சான். ஒங்க நல்லது எனக்கு எங்க வந்து விடிஞ்சிருக்கு பாத்தீயளா." பொட்டலத்தை என் மடியில் எறிந்தாள். "இத நீங்களே போட்டுக்கிடுங்க."

எழுந்து போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலது காலைக் கொஞ்சம் இழுத்து.

மறுநாள் உப்பளம் விலக்கில் நிறுத்தினேன். உடை மரங்கள் இல்லை. இரவோடு இரவாகக் கழகம் வெட்டிப் போட்டிருந்தது. பார்வைக்குக் குறுக்கே இருக்கிறதாம். வெட்டை வெளி, வெள்ளை உப்பு, வெயில். இறங்கிய பெண்கள் நின்றார்கள். லூர்தம்மாள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, மீன்கூடைக்கு மேல் போட்டிருந்த பழைய சேலையை உதறினாள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தார்கள். மீன் நாறும் மறைப்பு.

நாங்கள் முறை வைத்து உட்கார்ந்துகொண்டிருக்கும்போது பின்னால் ஒரு வண்டி வந்தது. வளைவுக்கு முன்னாலேயே, உடம்பு தளருவதற்கு முன்னாலேயே, அது தட்டுத்தடுமாறி நின்றது. சுடலைவடிவு இறங்கினாள். இடது கையால் வலது கையை இறுகப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை, இன்றுவரை பேசவில்லை. நேராகச் சேலைக்குப் பின்னால் போனாள்.

அன்று இருவருக்கும் தாமதக் குறி போட்டார்கள். சொன்ன நாள் தாண்டி எனக்கு நிரந்தர ஆணையும் வந்தது. அவளுக்கு அப்ரண்டிஸ் காலத்தை நீட்டினார்கள். ஜெசிந்தா வீட்டில் சாக்கு தைக்கிறாள், கால் இன்னும் பிரேக் மிதிக்கிறது. சவரிராயன் சித்திரையில் போய்ச் சேர்ந்தார். கழகம் மாலை அனுப்பியது. அது சரியாக நேரத்துக்கு வந்தது.

டயாப்பர் எல்லா டெப்போவுக்கும் வந்துவிட்டது. நாங்கள் தினமும் அந்தச் சேலையைப் பிடிக்கிறோம். பொருநை நகரப் போக்குவரத்துக் கழகம் உப்பளம் விலக்கில் எங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தர வேண்டும். தண்ணீரோடு, உள்தாழ்ப்பாளோடு. இன்னும் தரவில்லை.